ரிவர் மேல் பழி போடாதீங்க, சாமி!

"ஏஸ் ரெண்டு வெச்சிருந்தேன் மச்சி. ரிவர்ல ஒரே ஒரு நாலு வந்து கவுத்துடுச்சு. சாஃப்ட்வேர்ல ஏதோ பண்றானுங்க."

ஆன்லைன் போக்கரில் பணம் விட்ட யாரைக் கேட்டாலும் இந்தக் கதைதான். சீட்டு மட்டும் மாறும். குர்கானில் பொட்டி தட்டுகிற கும்பல் டீ குடிக்க ஒதுங்கும் இடத்தில் ஒரு மாசம் காது கொடுத்தால் போதும், இதே புலம்பலை இந்தியில், தெலுங்கில், தமிழில் என்று மும்மொழியிலும் கேட்டுவிடலாம். "டர்ன்லயே நான் ஃபோல்டு பண்ணியிருக்கணும்" என்று ஒரு ஆத்மா சொல்லி இதுவரை நான் கேட்டதில்லை.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடை போட்டுச் சட்டம் கொண்டுவந்தது. கம்பெனிகள் அந்த மாசமே பணத்து மேஜைகளை மடக்கின. அப்போதிலிருந்து இரண்டு கோஷ்டி. ஒன்று, "திறமை ஆட்டத்தைப் போய் சூதாட்டம்னு தடை பண்ணிட்டாங்களே" என்று ஒப்பாரி வைக்கும் கோஷ்டி. இன்னொன்று, "எல்லாமே குருட்டு அதிர்ஷ்டம், ஒழிஞ்சது சனியன்" என்று பட்டாசு வெடிக்கும் கோஷ்டி.

இரண்டு பேர் சொல்வதும் அரைகுறை. நம்ம ஆட்களின் பணத்தில் பெரும்பகுதியைத் தின்றது அதிர்ஷ்டம் இல்லை. ஃப்ளாப் விழுந்த பிறகு, கணக்குப் போடாமல் அமுக்கிய "கால்" பட்டன். போக்கரில் திறமை இருப்பது உண்மை. அந்தத் திறமை இல்லாதவர்களை மேஜைக்கு இழுத்துத்தான் அந்த வியாபாரம் ஓடியது என்பதும் உண்மை. முதல் உண்மையை கோர்ட்டில் சொன்னவர்கள் இரண்டாவதை விளம்பரத்தில் சொல்லவில்லை. அதுதான் என் சண்டை.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஹோல்டெம் போக்கரில் உங்கள் கையில் இரண்டு சீட்டு. நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு திறப்பார்கள். முதல் மூன்றும் ஒன்றாக விழும், அது ஃப்ளாப். நாலாவது டர்ன். ஐந்தாவது ரிவர். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம். நடுவில் சேரும் பணம் பாட். ஏழு சீட்டில் சிறந்த ஐந்துதான் உங்கள் கை. அவ்வளவுதான்.

ஃப்ளாப் வரைக்கும் பெரிசாக யாரும் சாவதில்லை. அதுவரை போட்டது சில்லறை. பாட் வீங்குவது ஃப்ளாப்புக்கு அப்புறம்தான். நம்ம ஜனங்கள் அந்த இடத்துக்குக் கொண்டுவந்தது போக்கர் மூளை இல்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த இரண்டு பழக்கங்கள். தெற்கத்திக்காரர்களுக்கு ரம்மி. வடக்கத்திக்காரர்களுக்கு தீபாவளி ராத்திரி தீன் பத்தி (நம்ம ஊர் மூணு சீட்டு). இரண்டுமே ஃப்ளாப்புக்குப் பிறகு விஷம். எப்படின்னு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

1. சீட்டு வரும் என்று காத்திருப்பது

இது ரம்மி வியாதி. ரம்மியில் ஒவ்வொரு சுற்றிலும் கட்டிலிருந்து ஒரு சீட்டு எடுக்கிறோம். அதற்குத் தனியாகக் காசு கிடையாது. அதனால் "ஒரு இஸ்பேட் எட்டு வந்தா முடிஞ்சுது" என்று உட்கார்ந்திருப்பது பழகிவிட்டது. போக்கரில் அடுத்த சீட்டுக்கு விலை உண்டு. அந்த விலையை நிர்ணயிப்பவன் எதிராளி.

கணக்கைப் பாருங்கள். டர்ன் முடிந்துவிட்டது. உங்களிடம் நாலு ஹார்ட்டின் சேர்ந்திருக்கிறது, ஐந்தாவது வந்தால் ஃப்ளஷ். உங்களுக்குத் தெரியாத சீட்டு 46. அதில் ஹார்ட்டின் 9. ஆக, ரிவரில் அது வர வாய்ப்பு 46-க்கு 9, சுமார் 19.6 சதவீதம். ஐந்தில் ஒன்று கூட இல்லை.

பாட்டில் 1000 ரூபாய் இருக்கிறது. எதிராளி 1000 போடுகிறான். நீங்கள் 1000 போட்டால் கிடைக்கக்கூடியது 2000. இதற்கு மூன்றில் ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும், 33 சதவீதம். உங்களிடம் இருப்பது 19.6. இதே கட்டத்தில் 46 தடவை கால் செய்தால் 9 தடவை 2000 வரும், 37 தடவை 1000 போகும். 18,000 வரவு, 37,000 செலவு. ஒரு காலுக்குச் சராசரியாக 413 ரூபாய் தண்டம். சீட்டு வந்த தடவையும் அது தப்பான கால்தான்! இதுதான் யார் மண்டையிலும் ஏறுவதில்லை. ஜெயிச்சா சரி, தோத்தா தப்பு என்று பார்க்கிறவன் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளவே முடியாது.

"அதான் சீட்டு வந்தா ரிவர்ல இன்னும் கறந்துடுவேனே" என்பார்கள். கறக்கலாம். எவ்வளவு கறந்தால் கட்டும்? மேற்படி கணக்கில், ஃப்ளஷ் விழுந்த ஒவ்வொரு தடவையும் கூடுதலாகச் சராசரி 2111 ரூபாய் வாங்கினால்தான் நஷ்டம் இல்லை. நடுவில் மூன்று ஹார்ட்டின் பல்லைக் காட்டும்போது எந்தக் கேனையன் உங்களுக்கு இரண்டாயிரம் எடுத்துக் கொடுப்பான்?

2. 35 சதவீதம் என்னும் அரைப் பொய்

யூடியூபில் இரண்டு வீடியோ பார்த்தவர்கள் சொல்வது: "ஃப்ளாப்லேருந்து ஃப்ளஷ் வர 35 சதவீதம் சான்ஸ்." எண் சரிதான். ஆனால் அது டர்ன், ரிவர் இரண்டையும் பார்த்தால். ஃப்ளாப்பில் ஒரு தடவை காசு கட்டினால் ஒரு சீட்டுதான் காட்டுவார்கள். டர்னில் இன்னொரு தடவை, அதுவும் பெரிய தொகையாகக் கட்டச் சொல்வான் எதிராளி. ஃப்ளாப்பிலேயே மொத்தப் பணமும் உள்ளே போய்விட்டால் மட்டும்தான் 35 என்று சொல்லிக்கொள்ளலாம். மற்றபடி ஒரு சீட்டுக்கு 19 சதவீதம்தான்.

நடு ஓட்டைக்குக் காத்திருப்பவன் இதைவிடப் பாவம். 5, 6, 8, 9 இருக்கிறது, 7 வரணும். நாலே நாலு சீட்டு. அடுத்ததில் வர வாய்ப்பு 8.5 சதவீதம். இதற்கு அரைப் பாட் கட்டி கால் செய்கிறவர்கள் ஏராளம். அரைப் பாட்டுக்கு 25 சதவீதம் வேண்டும் சாமி!

3. ஏஸ் ஜோடியைக் கல்யாணம் கட்டிக்கொள்வது

இது தீன் பத்தி வியாதி. தீன் பத்தியில் கையில் வந்த மூன்று சீட்டுதான் கடைசி வரை. நல்ல கை வந்தால் நல்ல கைதான். போக்கரில் கை ஃப்ளாப்பில் மாறும், டர்னில் மாறும், ரிவரில் மாறும். ஏஸ் ஜோடி ஒருத்தனுக்கு எதிராக, அவன் கையில் எது இருந்தாலும், கடைசியில் ஜெயிக்க வாய்ப்பு 85 சதவீதம். அதே ஜோடி நாலு பேருக்கு எதிராக 56. அதுவும் ஃப்ளாப் விழுவதற்கு முன் உள்ள எண். ஃப்ளாப்பில் 7, 8, 9 மூன்றும் கிளாவரில் விழுந்து, ஒருத்தன் பந்தயம் போட்டு, இன்னொருத்தன் அதை ரெய்ஸ் செய்த பிறகு உங்கள் ஏஸ் ஜோடி என்பது வெறும் ஒரு ஜோடி. நீங்களோ அதைப் பிறந்த குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மொத்தக் காசையும் தள்ளுகிறீர்கள்.

தலைப்புக் கதைக்கு வருவோம். ஏஸ் ஜோடிக்கு எதிராக நாலு ஜோடி, ரிவரில் மூன்றாவது நாலு. இரண்டு பேர் கையும் தெரிந்தால், மீதி 44 சீட்டில் அவனைக் காப்பாற்றும் நாலு இரண்டுதான். 22-க்கு ஒரு தடவை நடக்கும். மற்ற 21 தடவை நம்மாள் காசை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு அமைதியாகப் போய்விட்டார். டீக்கடைக்கு வந்தது அந்த ஒன்று மட்டும்தான் :-)

4. பெரிய பாட்டில் பிச்சைப் பந்தயம்

நல்ல கை இருக்கிறது. எதிராளி ஓடிவிடுவானோ என்று பயம். 1000 ரூபாய் பாட்டில் 100 போடுகிறார்கள். என்ன நடக்கிறது? எதிராளி 100 கட்டி 1100-ஐ எட்டிப் பிடிக்கலாம். அவனுக்கு 8.3 சதவீதம் இருந்தால் போதும். மேலே சொன்ன நடு ஓட்டைக்காரனுக்குக் கூட 8.5 இருக்கிறது! அதாவது ஆட்டத்திலேயே மோசமான காலை நீங்களே தள்ளுபடி விலையில் சரியான கால் ஆக்கிக் கொடுக்கிறீர்கள். அப்புறம் ரிவரில் அவனுக்கு 7 விழுந்ததும் சாஃப்ட்வேரைத் திட்டுகிறீர்கள். கதவைத் திறந்து வைத்து, விளக்கும் போட்டு வைத்துவிட்டு, திருட்டுப் போச்சு என்று கத்துகிற கதை.

இதன் மறுபக்கம் இன்னும் கேவலம். கை நன்றாக இருந்தால் பெரிய பந்தயம், சுமாராக இருந்தால் சின்னது. ஆன்லைனில் முகம் தெரியாது என்று தைரியம். முகம் எதற்கு? பந்தயத் தொகையே முகம்தான். இருபது கை கவனித்தவனுக்கு உங்கள் சீட்டைத் திறந்து காட்டி ஆடுகிற மாதிரி.

5. கும்பலில் ப்ளஃப்

"முன்னாடி ரெய்ஸ் பண்ணினவன் ஃப்ளாப்பிலும் பந்தயம் போடணும்" என்பது பழைய பாடம். ஒத்தைக்கு ஒத்தை ஆட்டத்தில் அதில் அர்த்தம் உண்டு. ஜோடி இல்லாத இரண்டு சீட்டுக்கு ஃப்ளாப்பில் ஏதாவது சேர்வது சுமார் மூன்றில் ஒரு தடவைதான். எதிராளிக்கும் அதே கதி. பயந்து ஓடுவான்.

1000 பாட்டில் 500 போட்டு மிரட்டினால், மூன்றில் ஒரு தடவை பலித்தாலே முதல் தேறிவிடும். ஒரு எதிராளி 60 சதவீதம் ஃபோல்டு செய்வான் என்றால் கொள்ளை லாபம். மூன்று எதிராளிகள் என்றால்? மூன்று பேரும் ஃபோல்டு செய்ய வேண்டும். 0.6-ஐ மூன்று தடவை பெருக்குங்கள். 21.6 சதவீதம். அதே பந்தயம், அதே சீட்டு, இப்போது ஒவ்வொரு தடவையும் சராசரி 176 ரூபாய் நஷ்டம். மேஜையில் எத்தனை பேர் மிச்சம் இருக்கிறார்கள் என்று எண்ணாமல் பட்டனை அமுக்கினதற்கான அபராதம் அது.

இதோடு இன்னொன்று. எதற்கும் ஃபோல்டு செய்யாத ஆசாமியிடம் ப்ளஃப் செய்வது. செவிடன் காதில் சங்கு. அவனிடம் நல்ல கையை வைத்துப் பெரிசாகப் போட வேண்டும். நம்மாட்கள் தலைகீழாகச் செய்வார்கள்.

6. "என்னதான் வெச்சிருக்கான்னு பாப்போம்"

தீன் பத்தியின் "ஷோ" ஆசை. ரிவரில் எதிராளி பாட் அளவுக்குப் போடுகிறான். மூன்று சுற்றாகப் பேசாமல் கால் செய்துகொண்டிருந்தவன் திடீரென்று ரிவரில் எகிறுகிறான். நம்மாளுக்கே தெரியும், தோத்தாச்சு என்று. ஆனாலும் பார்த்தாக வேண்டும். ராத்திரி தூக்கம் வராதாம். அந்தத் தூக்கத்தின் விலை முழு பாட். சின்னத் தொகை மேஜைகளில் ரிவரில் திடீரென்று எகிறுகிறவன் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. பொய் சொல்லும் அளவுக்கு அவன் யோசிப்பதே இல்லை.

இதில் எனக்குப் புரியாத ஒரு விஷயம். ரம்மியில் இதே ஆட்கள் அழகாக ட்ராப் செய்வார்கள். கை மோசமா, முதலிலேயே ட்ராப், 20 பாயிண்ட். கொஞ்சம் ஆடிப் பார்த்து ட்ராப், 40. முழுசாக மாட்டினால் 80. இருபதோடு தப்பிப்பது புத்திசாலித்தனம் என்று சித்தப்பா பெரியப்பாவெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதே ஆள் போக்கர் மேஜையில் ஃபோல்டு செய்வதை மானப் பிரச்சனையாக நினைக்கிறார். வீட்டிலிருந்து தேவையில்லாத பழக்கத்தை எல்லாம் மூட்டை கட்டினவர்கள், தேவையான ஒன்றை மட்டும் மறந்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

7. ஏழாவது ஆட்டக்காரர்

மேலே சொன்ன ஆறு தப்பும் செய்யாதவர் என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேர் மேஜை, ஆளுக்கு 5000. ஏழாவதாக ஒருத்தர் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். கம்பெனி. பாட்டில் பொதுவாக 5 சதவீதம் வாக்கில் கமிஷன், பெரும்பாலும் ஃப்ளாப் விழுந்த பாட்டில் மட்டும். மணிக்கு 60 கை, அதில் 40 ஃப்ளாப் பார்த்தது, சராசரி பாட் 600 என்று ஒரு கணக்குக்கு வையுங்கள். பாட்டுக்கு 30 ரூபாய், மணிக்கு 1200. நாலு மணி நேரத்தில் 4800. கிட்டத்தட்ட ஒருத்தர் கொண்டுவந்த முழுப்பணமும் யாரிடமும் தோற்காமலே காணாமல் போயிருக்கும். தேவையில்லாத ஒவ்வொரு காலும் பாட்டை வீங்க வைக்கும், பாட் வீங்கினால் கமிஷனும் வீங்கும். உங்கள் தப்பில் கம்பெனிக்கும் பங்கு.

அதற்கு மேல் அரசாங்கம். 2023 ஏப்ரலிலிருந்து நிகர ஜெயிப்பில் 30 சதவீதம் டிடிஎஸ். 2023 அக்டோபர் 1 முதல் கட்டின முழுத்தொகைக்கும் 28 சதவீதம் ஜிஎஸ்டி இருந்தது. இத்தனைக்கும் ஈடுகொடுத்து மேலே வர எதிராளிகளைவிடக் கொஞ்சம் நன்றாக ஆடினால் போதாது. மிக மிக நன்றாக ஆட வேண்டும்.

"அப்ப திறமையே இல்லைங்கிறியா?" என்று மல்லுக்கு வராதீர்கள். இருக்கிறது. 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் கேசினோ ஒன்றில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் என்ற நிரல் நாலு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 1,20,000 கை ஆடி ஜெயித்தது. முகம் பார்க்கவில்லை, கை நடுங்குகிறதா என்று பார்க்கவில்லை, ரிவரைத் திட்டவில்லை. கணக்கு மட்டும்தான் போட்டது. ஒன்றேகால் லட்சம் கைக்குப் பக்கத்தில் போன பிறகும் ஒரு பக்கம் தெளிவாக ஜெயிக்கிறது என்றால் அது வெறும் அதிர்ஷ்டம் இல்லை. அதையேதான் நானும் சொல்கிறேன். அது திறமை. ஆனால் உங்களிடம் அது இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

நம்ம நீதிமன்றங்களில் இது நெடுங்கதை. திறமை மேலோங்கிய ஆட்டம் சூது ஆகாது என்பதை 1996-ல் கே.ஆர். லட்சுமணன் வழக்கில், குதிரைப் பந்தயத்தை வைத்து உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017-ல் குஜராத் உயர் நீதிமன்றம் போக்கரைச் சூதாட்டம் என்றது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே என்றது. தமிழ்நாடு அரசு 2025-ல் விதி போட்டு, பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை ராத்திரி 12 முதல் காலை 5 வரை நிறுத்தியது. அந்த ஜூனில் உயர் நீதிமன்றம் அதைச் சரி என்றது. என்னைக் கேட்டால், இத்தனை சட்டத்திலும் ஆட்டத்தைப் புரிந்துகொண்டு எழுதியது அந்த ஒரு விதிதான். ராத்திரி இரண்டு மணிக்கு, விட்டதைப் பிடிக்க உட்கார்ந்திருப்பவன் 46-க்கு 9 என்று கணக்கா போட்டுக்கொண்டிருப்பான்?

திறமை ஆட்டம் என்றால் என்ன அர்த்தம்? திறமை இருக்கிறவன் இல்லாதவனிடமிருந்து வாங்குவான் என்று அர்த்தம். வாங்குபவர்கள் கொஞ்சம் பேர், கொடுப்பவர்கள் நிறையப் பேர். இந்த உண்மையைப் பெரிய எழுத்தில் போட்டு, கணக்கைச் சொல்லிக் கொடுத்து ஆட விட்டிருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. செய்தது என்ன? சினிமா ஸ்டார் வந்து "வாங்க, ஜெயிக்கலாம்" என்பார். கடைசியில் ஒருத்தர் மூச்சு விடாமல், "இந்த ஆட்டம் பழக்கமாகும் அபாயம் உண்டு, பொறுப்புடன் ஆடவும்" என்று ரயிலைப் பிடிக்கிற வேகத்தில் ஒப்பிப்பார். மாசச் சம்பளம், கிரெடிட் கார்டு, அப்புறம் கடன் ஆப் என்று இறங்கினவனுக்கு, ஒரு காலுக்கு 413 ரூபாய் தண்டம் என்று சொல்ல ஆளில்லை. அவன் மனசில் பதிந்தது எல்லாம் "இன்னிக்கு நேரம் சரியில்லை, நாளைக்கு வரும்."

இதுதான் அந்தப் புலம்பலின் ஆபத்து. தப்பு என்னுடையது என்று நினைக்கிறவன் ஒன்று கற்றுக்கொள்வான், இல்லை எழுந்து போய்விடுவான். தப்பு ரிவருடையது என்று நினைக்கிறவன்தான் மறுபடி பணம் கட்டுவான். மேஜைக்கு வேண்டியதும் அவனைத்தான்.

இப்போது ஃபோனில் பொய்ச் சில்லுக்கு ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். கோவா கேசினோவுக்கு வருஷம் ஒரு தடவை ப்ளைட் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். தீபாவளிக்கு மெத்தை விரித்து உட்காரும் பழக்கம் இங்கே ஒழியப்போவதில்லை. எங்கே ஆடினாலும் கேட்டுக்கொள்ள ஒன்றுதான். கால் பட்டனுக்கு விரல் போகும்போது இரண்டு எண்ணைப் பாருங்கள். எவ்வளவு கட்டினால் எவ்வளவு கிடைக்கும், அந்தச் சீட்டு வர வாய்ப்பு எத்தனை. நாலாங்கிளாஸ் வகுத்தல். பத்து விநாடி. அந்தப் பத்து விநாடிகூட ஒதுக்க முடியாதவர்கள் திறமை, உரிமை, அரசியல் சட்டம் என்றெல்லாம் பேச வேண்டாம். ரம்மி ஆடிய சித்தப்பா சொன்ன மாதிரி, கையைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் போய்ச் சாப்பிடுங்கள்.

டிஸ்கி: கணக்கில் தப்பு இருந்தால் பேனாவும் பேப்பருமாக வாருங்கள், பேசுவோம். "எனக்கு ஒரு தடவை ரிவர்ல..." என்று ஆரம்பிப்பவர்களுக்கு டீ வாங்கித் தரப்பட மாட்டாது.